துண்டு கைமாறும்போது

...வலது கால்தான், சந்தேகமென்ன, கோயில் உபதேசியார் பூசைக்கு முன்பே சொல்லிவிட்டாரே, எல்லாரும் வலது கால் சாக்ஸை மட்டும் கழற்றிவிட்டு உட்காருங்க என்று, மஞ்சூர்க் குளிரில் இரண்டையும் கழற்றச் சொன்னால் பன்னிரண்டு பேர் எங்கே கிடைப்பார்கள்... ஜெசிந்தா சாக்ஸை உருட்டிக் கைப்பையில் திணித்துவிட்டு, தெரிந்தும் தெரியாமலும் பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். அவனேதான். தங்கையா. அது சலேத்தம்மாள் உட்கார வேண்டிய நாற்காலி, அந்த அம்மாளுக்குக் காய்ச்சல் என்று கடைசி நேரத்தில் ஆள் வந்து சொல்ல, உபதேசியார் நாலாபக்கமும் பார்த்தார், கதவோரம் ஒண்டிக்கொண்டிருந்த இவனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்கார வைத்துவிட்டார். மற்ற கோயிலாக இருந்தால் அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது, பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல, பன்னிரண்டு பேர் காலையும் சாமியாரே கழுவிவிட்டுப் போய்விடுவார். இந்தக் கோயிலில்தான் முழங்கால் வலிக்காரச் சாமியார் ஒருவர் இருந்தாரே, முதல் ஆளுக்கு மட்டும் குனிந்துவிட்டு, நீ அடுத்த ஆளுக்குக் கழுவு, அவர் அதற்கடுத்த ஆளுக்குக் கழுவட்டும் என்று துண்டைக் கையில் கொடுத்துவிட்டார். அவர் மாற்றலாகிப் போய்விட்டார், இப்போது இருப்பவர் பையன்களோடு பந்து விளையாடுகிறவர், ஆனாலும் வழக்கம் மட்டும் போகவில்லை, நாலு வருஷம் செய்துவிட்டால் எதுவும் இங்கே புனிதமாகிவிடுகிறது. போன வருஷம் இதை நினைத்துச் சிரித்தாள். இந்த வருஷம் வரிசைப்படி தங்கையாவின் காலை அவள்தான் கழுவ வேண்டும்.

உபதேசியாரைச் சொல்லி என்ன, அந்த மனுஷருக்கு ஒன்றும் தோன்றியிருக்காது, ஊருக்கே தெரியுமே ஜெசிந்தா மன்னித்துவிட்டாள் என்று... புருஷனைப் புதைத்த அன்றைக்கே கல்லறையில் வைத்து எல்லார் முன்னாலும் சொன்னாளே. சொன்னாளா? பெட்டியை இறக்கி, மண்ணை அள்ளிப் போட்டு, மகள் இடுப்பைக் கட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தபோது, இந்தத் தங்கையா ஓடிவந்து சேற்றில் விழுந்து அவள் காலைப் பிடித்தான், விடவேயில்லை, ஊரே பார்த்துக்கொண்டிருந்தது, மழை வேறு பிடித்துக்கொண்டது, அவன் எழுந்து தொலைந்தால் போதும் என்றிருந்தது, அப்போது வாயில் வந்தது, மன்னிச்சுட்டேன், எந்திரிங்க. அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு சாமியார் அடுத்த ஞாயிறே பிரசங்கம் செய்துவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு தவக்காலமும், நம் பங்குக் கோயிலிலேயே ஒரு சகோதரி இருக்கிறார் என்று ஆரம்பிப்பார், எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பும், அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்ப்பாள். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். வயிறு எரிகிறவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை என்று யாருக்குத் தோன்றும்.

ஒரு செல்போனுக்காக... தேயிலை எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரம் வெட்டினார்கள், லெஸ்லி மேஸ்திரி, தங்கையா கயிறு பிடிக்கிற ஆள். மரம் முறியத் தொடங்கிய நேரத்தில் சட்டைப்பையிலிருந்து விழுந்த செல்போனை எடுக்க இவன் கயிற்றை விட்டுவிட்டு மரம் விழுகிற பக்கமே குனிந்திருக்கிறான். லெஸ்லி கத்தியிருக்கிறார், காதில் விழவில்லை, ஓடிப்போய் இவனைத் தள்ளிவிட்டார், மரம் அவர்மேல் விழுந்தது. போனுக்குக் கண்ணாடிகூட உடையவில்லை என்று யாரோ பெண்பிள்ளை துக்க வீட்டில் வந்து சொன்னாள், அதை ஏன் என்னிடம் சொன்னாள்? இவன் இன்றைக்கும் அந்தப் போனைத்தான் வைத்திருக்கிறானா? கேட்டதில்லை. பேசினதேயில்லை. அவன் இலை மூட்டை தூக்குகிற பக்கம் இவள் போகமாட்டாள், இவள் வருகிற பாதையில் அவன் நிற்கமாட்டான்.

பாடல்குழு ஆரம்பித்துவிட்டது. சாமியார் முதல் ஆளின் முன் மண்டியிட்டுவிட்டார், உபதேசியார் கெட்டிலில் சுடவைத்த தண்ணீரைக் குடத்தில் கலந்துகொண்டிருந்தார், இவள் முறை வருவதற்குள் அது ஆறி ஐஸாகிவிடும். எழுந்து போய்விட்டால் என்ன, தலை சுற்றுகிறது என்று சொல்லலாம், ஒருசந்தி நோன்பு இருக்கிறவள், நம்புவார்கள். ஆனால் அவன் நாற்காலியில் தனியாக, ஒற்றைக் காலை நீட்டிக்கொண்டு, ஊர் பார்க்க... பார்க்கட்டுமே, நன்றாகப் பார்க்கட்டும். சீ, இது என்ன புத்தி, நற்கருணை வாங்கப் போகிற வாயா இது? கோபம் பாவம் என்கிறார்கள். இந்தக் கோபத்தையும் கொடுத்துவிட்டால் அப்புறம் லெஸ்லிக்காக என்னிடம் என்னதான் இருக்கிறது? போட்டோ இருக்கிறது, அதைத்தான் ஊரே கும்பிடுகிறதே. தியாகி, நண்பனுக்காக உயிரைக் கொடுத்தவர், உங்களுக்கென்னம்மா, அவர் நேரே மோட்சத்துக்குப் போயிருப்பார் என்கிறார்கள். போயிருப்பார். அதில் அவளுக்கும் சந்தேகமில்லை. ஆனால் ஓடின அந்த நேரத்தில், லெஸ்லி, நீ என்னை நினைத்தாயா? வீட்டில் ஒருத்தி அடுப்பில் சோறு வைத்திருக்கிறாள், பள்ளிக்கூடம் விட்டு ஒரு பிள்ளை வரும் என்று... நினைத்திருந்தால் உன் கால் நகர்ந்திருக்குமா? நினைக்கவில்லை என்றால் அது எனக்கு அவமானம், நினைத்தும் ஓடினாய் என்றால் அது அதைவிட. இதை யாரிடம் சொல்வது, பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை, என் புருஷன் நல்லது செய்துவிட்டான் சாமி, அது எனக்குப் பொறுக்கவில்லை என்று சொன்னால் அந்தச் சின்னச் சாமியார் என்ன அபராதம் கொடுப்பார்? அதோ வியாகுல மாதா சுரூபம், நெஞ்சில் வாள்... மகனைப் பலி கொடுப்பதற்கு முன்னால் யாராவது அந்தத் தாயைக் கேட்டார்களா? தலையைக் குனிந்துகொண்டாள். இப்படியெல்லாம் நினைக்கக் கூடாது.

பாதத்தில் தண்ணீர் விழுந்து உடம்பு தூக்கிப்போட்டது. மறுபக்கத்து நாற்காலி வாட்ச்மேன் தாத்தா, பாவம், அவசர அவசரமாகத் துடைத்துவிட்டுத் துண்டை அவள் கையில் கொடுத்தார். அவ்வளவுதான், இனி ஓட முடியாது. இறங்கி மண்டியிட்டாள். பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம், ஆரம்பித்துவிட்டார்கள், நாளைக்கு இதுவும் பிரசங்கத்தில் வரும்.

தங்கையாவின் காலில் செம்மண் ஒட்டியிருந்தது. மற்றவர்கள் எல்லாரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு வந்தவர்கள், இவள் உட்பட, நேற்றே நகம் வெட்டிவிட்டாள், பளபளவென்று பதினொரு கால். இவனை யார் முன்கூட்டிச் சொல்லிக் கூப்பிட்டார்கள்... வேலை முடிந்து நேராக வந்திருக்கிறான், குதிகால் வெடிப்பில் மண், கணுக்காலில் அட்டை கடித்துக் காய்ந்த ரத்தம். தொட்டதும் கால் பின்னால் போனது.

"வேண்டாமுங்க அக்கா, அழுக்குக் காலுங்க" என்றான், உதடு அசையாமல்.

"நீட்டுங்க. எல்லாரும் பாக்கறாங்க."

நீட்டினான். தண்ணீரை ஊற்றினாள், மண் கரைந்து பேசின் பாத்திரத்தில் சிவப்பாக இறங்கியது, விரலிடுக்கில் இருந்தது போகவில்லை, கையால் தேய்க்க வேண்டியிருந்தது. எத்தனை நாள் இந்தக் கால் முறியட்டும் என்று சபித்திருக்கிறாள், இப்போது பார்த்தால் அது வெறும் கால், குளிரில் விறைத்து, அவள் காலைவிட மோசமாக நடுங்கிக்கொண்டு... இரக்கமா இது? இல்லை. இரக்கம் என்று நினைத்துக்கொண்டால் அதுவும் பொய்.

"அக்கா" என்றான் மறுபடி. "நீங்க மன்னிச்சுட்டேன்னு சொன்னீங்களே, அத நான் அன்னிக்கே நம்பலீங்க."

இத்தனை வருஷத்தில், இத்தனை பேரில், இவன் ஒருத்தனுக்குத்தான் தெரிந்திருக்கிறது.

"மன்னிக்க வேண்டாமுங்க. நானே இன்னும் லெஸ்லி அண்ணன மன்னிக்கலீங்க. யாருங்க அவர ஓடியாரச் சொன்னது? நானா கூப்பிட்டேன்? தெனமும் காலைல எந்திரிச்சா அவரு குடுத்த உசுருன்னு நெனச்சுக்கிட்டுத்தான் பல்லு வெளக்க வேண்டியிருக்குது. எனக்கு வேண்டாமுங்க அக்கா, இந்தக் கடன்."

அவன் கண்ணில் தண்ணீர் இல்லை. கோபம்தான் இருந்தது, பச்சைக் கோபம், அவளுக்கு நன்றாகப் பழக்கமான கோபம்.

"எனக்குந்தான்" என்றாள் ஜெசிந்தா. சத்தமாக வந்துவிட்டதோ என்று பயந்தாள், பாட்டில் அது அமுங்கிப்போனது, ஆனால் அவனுக்குக் கேட்டுவிட்டது, நிமிர்ந்து பார்த்தான். துடைத்து முடித்தாயிற்று. அவன் துண்டுக்காகக் கை நீட்டினான், அடுத்த நாற்காலிக்காரர் ஏற்கெனவே காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், சாமியார் வேறு இந்தப் பக்கம் பார்த்துப் புன்னகை செய்கிறார், கொடுக்க வேண்டியதுதானே, ஏன் கொடுக்க முடியவில்லை... இவன் காலைக் கழுவிவிட்டேன், கஷ்டம்தான், ஆனாலும் கழுவிவிட்டேன், இதே இடத்தில் லெஸ்லி வந்து உட்கார்ந்து காலை நீட்டினால் கழுவுவேனா என்று கேட்டுக்கொண்டாள், கழுவுவேன் என்று சொல்ல வாய் வரவில்லை.