லேபிளில் தண்ணீர் படக்கூடாது

அண்ணன் எதையும் தூக்கிப் போடமாட்டார். துணி கிழிந்த குடையின் கம்பி, நின்றுபோன கைக்கடிகாரம், எந்தப் பூட்டுக்கு என்றே தெரியாத சாவிகள், எல்லாம் அவருடைய தகரப் பெட்டியில் பத்திரமாக இருக்கும். இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து தங்கை வீட்டில் ஓய்வெடுக்க வந்தபோதும் பெட்டியோடுதான் வந்து இறங்கினார். அந்தக் கஞ்சத்தனத்துக்கு டீச்சர் இப்போது நன்றி சொல்ல வேண்டியிருந்தது.

டீச்சர்தான் அந்தத் தங்கை. கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். அண்ணனைத் தவிர மற்ற எல்லோரையும் அதட்டத் தெரிந்தவர். காலையில் அண்ணனின் எக்ஸ்ரே படத்தைத் தேடிப் பெட்டியைக் கிளறியபோது, அடியில், பழைய செய்தித்தாளில் சுற்றியபடி அந்த இசைத்தட்டு கிடைத்தது. உடைத்துக் குப்பையில் போட்டாயிற்று என்று அண்ணன் சொல்லி, அவரும் நம்பி, அழுது ஓய்ந்த அதே தட்டு.

அதில் பாடியிருப்பது டீச்சர்தான். கல்லூரி நாட்களில் தோழிகளின் இசைக்குழுவோடு போய், ஒரு சின்னக் கம்பெனிக்காகப் பாடிய ஒரே பாட்டு. மறுபக்கம் வெறும் வாத்திய இசை. விஷயம் காதில் விழுந்ததும் அண்ணன் தாம் தூம் என்று குதித்தார். வீட்டுப் பெண்ணின் பெயர் கண்டவன் வீட்டில் சுற்றுவதா? கம்பெனிக்கே போய்ச் சண்டை போட்டு, லேபிளில் தங்கையின் பெயரை எடுக்கச் சொல்லி, 'குழுவினர்' என்று அச்சடிக்க வைத்துவிட்டுத்தான் வீடு திரும்பினார். கைக்கு வந்த ஒரே தட்டையும் பிடுங்கிக்கொண்டார். கொஞ்ச நாளில் கம்பெனியும் இழுத்து மூடப்பட்டது. அதன்பிறகு டீச்சர் பாடவில்லை, குளிக்கும்போதுகூட. வீட்டில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை என்பதுதான் அவருக்கு இன்னும் ஆறாத கோபம்.

லேபிளைத் தவிர தட்டு முழுக்கப் பூசணம் பூத்திருந்தது. அதைச் சேலைத் தலைப்பால் துடைக்கப் போனவரின் கையை மருமகள் எட்டிப் பிடித்தாள். அவள் பல் டாக்டர். பழைய ரெக்கார்டு என்றால் பைத்தியம். கூடத்தில் பிளேயர் வைத்திருப்பவளும் அவள்தான்.

"அத்தை, துணியால தேய்க்காதீங்க! தூசியே கீறிடும்."

"அப்போ அப்படியே போட்டுப் பார்க்கலாமா?"

"போட்டா முள்ளு அழுக்கையெல்லாம் வாரிக்கிட்டுப் பாட்டையே அரைச்சிடும். முதல்ல குளிப்பாட்டணும். பல்லுக்கும் இதுக்கும் ஒரே வைத்தியம்தான், அழுத்தக் கூடாது."

சமையலறை மேடை ஆபரேஷன் தியேட்டர் ஆனது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வாங்கி வைத்திருந்த டிஸ்டில்டு வாட்டர் வந்தது. குழாய்த் தண்ணீரின் உப்பு கோடுகளுக்குள் படிந்துவிடுமாம். பாத்திரம் கழுவும் சோப்பில் ஒரே ஒரு சொட்டு. மருமகளின் மேக்கப் பெட்டியிலிருந்து பூனை வால் மாதிரி மெத்தென்ற ஒரு பிரஷ்.

"கோடு போற திசையிலேயே சுத்தி வாங்க, குறுக்கே போகாதீங்க. முக்கியமா, லேபிள்ல தண்ணி படக்கூடாது. பட்டா காகிதம் ஊறிப் போயிடும்."

இரண்டு டப்பா மூடிகளை லேபிளுக்கு இரண்டு பக்கமும் வைத்து அவளே அழுத்திப் பிடித்துக்கொண்டாள். டீச்சர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிரஷ்ஷை ஓட்டினார். வெள்ளைப் புள்ளிகள் கரையக் கரைய அடியிலிருந்து கறுப்பு பளபளத்தது. தன் குரல் இந்த அழுக்குக்குக் கீழே உயிரோடு இருக்குமா, இல்லை பூசணம் தின்று தீர்த்திருக்குமா?

கூடத்திலிருந்து வாக்கரின் டக் டக் சத்தம் நெருங்கி வந்தது.

"என்ன பண்றே அங்கே?" என்றார் அண்ணன். மேடையைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போனது. "என் பெட்டியில எதுக்குக் கை வெச்சே?"

"உடைச்சுட்டேன்னு சொன்னீங்களே அண்ணா?"

"நல்ல பொருளை உடைக்க மனசு வரலை."

டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பொருளை உடைக்க மனசு வரவில்லையாம்! மனுஷியை உடைக்க மட்டும் அந்த மனசு தாராளமாக வந்ததே. ஆனால் பிரஷ் நிற்கவில்லை.

"இந்த வயசுல இது தேவையா? அதைப் போட்டே, ஒரு நிமிஷம் இந்த வீட்ல இருக்கமாட்டேன், சொல்லிட்டேன்."

டீச்சர் சுத்தமான தண்ணீரை மெல்ல ஊற்றி அலசிவிட்டு மறுபடி பிரஷ்ஷை ஓட்டினார். அதைப் பார்த்து அண்ணனுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"போட்டுத்தான் என்ன கிழிக்கப்போறே? பேர் எங்கே இருக்கு அதுல? பாடினது நீதான்னு எவன் நம்புவான்?"

பிரஷ் நின்றது.

இவ்வளவு நேரம் ஒரு சொட்டுக்கூடப் படாமல் எதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. மருமகளின் கையிலிருந்த மூடியை விலக்கினார். புத்தம் புதிதாக இருந்தது லேபிள். அழகான எழுத்தில் 'குழுவினர்'. கட்டைவிரலைச் சோப்புத் தண்ணீரில் நன்றாகத் தோய்த்து, அதன்மேல் வைத்து அழுத்தித் தேய்த்தார்.

"ஐயோ அத்தை! லேபிள்!"

"தெரிஞ்சுதான் பண்றேன், விடு."

மை கரைந்து ஓடியது. காகிதம் திரிதிரியாக உருண்டு வந்தது. பிள்ளைகள் கரும்பலகையில் எழுதிய தப்பான விடையை எத்தனையோ தடவை அழித்த கை அது, அதே வேகத்தில் அழித்தது. 'குழுவினர்' இருந்த இடத்தில் கொஞ்சம் வெள்ளைத் திட்டுதான் மிஞ்சியது.

தட்டு அலமாரியில் சாப்பாட்டுத் தட்டுகளுக்கு நடுவே இசைத்தட்டு நின்று காய்ந்தது. அண்ணன் சோபாவில் உட்கார்ந்து மருமகளிடம் டீ கேட்டு வாங்கிக் குடித்தார். நன்றாகக் காய்ந்துவிட்டதா என்று விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்த மருமகள், பிளேயரில் வைத்து முள்ளை மெதுவாக இறக்கினாள்.

முதலில் பொரிகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு வீணை. பிறகு, கொஞ்சம் அவசரப்படுகிற, பயமே அறியாத ஒரு பெண்குரல்.

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்தப் பெண்ணை எங்கே தொலைத்தேன் என்று நினைத்தார். தொலைக்கவில்லை, பிடுங்கிப் பெட்டியில் பூட்டினார்கள்.

"சத்தத்தைக் குறை," என்றார் அண்ணன்.

டீச்சர் எழுந்து போய்க் கூட்டினார். பிளேயர் பக்கத்திலேயே நின்று அடுத்த அடியைத் தானும் சேர்ந்து எடுத்தார். குரல் கரகரத்தது, சுருதி கீழே போனது, மேல் ஸ்தாயியில் மூச்சு வாங்கியது. ஆனால் தட்டிலிருந்த பெண் எங்கே வளைந்தாளோ அங்கே இவரும் வளைந்தார். எங்கே அவசரப்பட்டாளோ அங்கே இவரும் அவசரப்பட்டார். மருமகள் பிளேயரையும் மாமியாரையும் மாறி மாறிப் பார்த்தாள். அண்ணன் எதையும் பார்க்கவில்லை. டீ டம்ளருக்குள் என்னவோ தேடிக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்தது. டீச்சர் முள்ளைத் தூக்கி, தானே மறுபடியும் முதல் கோட்டில் வைத்தார்.

"கிளம்பறதா இருந்தா சொல்லுங்கண்ணா," என்றார், வீணை தொடங்கும்போதே. "பெட்டியை நானே தூக்கித் தர்றேன். இப்போ அவ்வளவா கனம் இருக்காது."