சுருளின் ஓரத்தில் ஒரு புள்ளி

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு மிளகாய் என்று பெயர். உறைக்கட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள். வாயை மூடிக்கொண்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்க முடியாது.

தொலைநோக்கியில் நேரம் கேட்டு அன்று மாலைக்குள் விண்ணப்பம் போக வேண்டும். பேராசிரியர் அவள் ஆராய்ந்துவந்த விண்மீன் திரளை அதிலிருந்து தூக்கிவிட்டார்.

"ஏன் சார்?"

"சுருள் விண்மீன் திரள் இப்படிப் பீச்சாதும்மா." திரையைப் பேனாவால் தட்டினார். நடுவில் அழகான சுருள். அதன் இரு பக்கமும், சுருளைவிடப் பல மடங்கு பெரிதாக, ரேடியோ அலையில் மட்டும் தெரியும் இரண்டு வீங்கிய மடல்கள். "இதெல்லாம் கிழட்டு உருண்டைத் திரளோட வேலை. சுருளோட ஓரத்துல சிவப்பா ஒரு புள்ளி தெரியுதா? ரொம்பப் பின்னாடி இருக்கற உருண்டை அது. இந்த மடலை ஊதிப் பெருக்கற ஜெட்டு அதோடது. உன் சுருள் சும்மா குறுக்க நிக்குது."

"சுருள்லயும் சிலது கண்டுபிடிச்சிருக்காங்களே சார்."

"விரல் விட்டு எண்ணிடலாம். உனக்குன்னு ஒண்ணு வந்து மாட்டுமா?"

சுருக்கென்றது. இது உன் இடமில்லை என்று அவளிடம் சொல்லாதவர்கள் குறைவு. இப்போது அவளுடைய திரளுக்கும் அதே பாட்டு.

கதவை அறைந்து சாத்திவிட்டு மேசைக்கு வந்தாள். பக்கத்து மேசை அக்கா, அவளுக்கு முன்பே சேர்ந்த ஆய்வாளர், தலையைத் தூக்கவில்லை.

"கதவு பாவம்டி. அது என்ன பண்ணுச்சு?"

"சுருள் பீச்சாதாம்க்கா. பின்னாடி ஒரு புள்ளி இருக்காம்."

"சரி, அந்தப் புள்ளியப் பாத்தியா?"

மாதக்கணக்காக மடல்களையே அளந்தவள் புள்ளியை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. சிவப்பு என்றால் தூரம், தூரம் என்றால் உருண்டை. கூடத்தில் எல்லோருக்கும் அதுவே பழக்கம்.

அந்தக் காலத்தில் கண்ணாடித் தகட்டில் பிடித்த பழைய வானப் படம் ஒன்றைத் தேடி எடுத்தாள். புதிய படத்தோடு பொருத்தி, திரையில் இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டினாள். சுருள் அப்படியே நின்றது. சுற்றியிருந்த குட்டித் திரள்களும் நின்றன. சிவப்புப் புள்ளி மட்டும் குதித்தது.

"அக்கா! குதிக்குதுக்கா!"

அக்கா நாற்காலியோடு உருண்டு வந்தாள். "அடிப்பாவி! அவ்வளவு தூரத்துல இருக்கற திரள் நம்ம ஆயுசுல இப்படி நகருமா? இது பக்கத்து வீட்டு நட்சத்திரம்டி!"

மிளகாய் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பேராசிரியர் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். அப்போதும் குதித்தது.

"நட்சத்திரத்தைப் போயா நான்..." முடிக்கவில்லை. "இதனால ஜெட்டு சுருளோடதுன்னு ஆயிடாது. பின்னாடி வேற ஏதாவது மங்கலா ஒளிஞ்சிருக்கலாம்."

"அதுக்குத்தான சார் நேரம் கேக்கறேன். சுருளோட நடுவுலேர்ந்து கிளம்புதான்னு பாத்துடலாம். இல்லன்னா நானே தூக்கிடறேன்."

அவர் விண்ணப்பத்தைத் திறந்து சுருளைத் திரும்பச் சேர்த்தார், எல்லாவற்றுக்கும் மேலே. "உக்காரு. காரணத்த நீயே எழுது. காரம் மட்டும் கொஞ்சம் கம்மியா."

எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மா கூப்பிட்டாள். பின்னால் தையல் மெஷின்கள் இரைந்தன.

"உன் சுருள் என்னடி ஆச்சு?"

"வரிசைல நிக்குதும்மா."

"கடைசிலயா?"

"முதல்ல."

"அப்ப நகராத," என்றாள் அம்மா.