டேப்பின் மறுமுனை

அன்று மழை பெய்ததா, இல்லை போனில் கேட்ட இரைச்சல்தான் நினைவில் மழையாக மாறிவிட்டதா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். ஆனால் புரோக்கரம்மா காதில் விழுந்த அந்த ஒரு வார்த்தையில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை.

"பத்திரம் யார் பேர்ல இருக்கு?" என்று முதல் நாள் போனில் கேட்டிருந்தார்.

"அப்பா பேர்ல. அப்பா இல்லைங்க" என்றார் வீட்டை விற்க வந்த மகன்.

அதற்கு மேல் எப்படிக் கேட்பது? "அடடா" என்றார். வாரிசுச் சான்றிதழைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

வீடு வேறு ஊரில் இருந்தது. நேரில் போகாமல் வீடியோவிலேயே பார்த்து விலை மதிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. மகன் போனைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக நடக்க வேண்டும். புரோக்கரம்மா தன் அலுவலகத்திலிருந்து பார்ப்பார், மதிப்பீடு செய்யும் இன்ஜினியர் தன் வீட்டிலிருந்து பார்ப்பார். வாங்குவதற்கு ஒரு வாத்தியார் தம்பதி காத்திருந்தார்கள். "நீங்க பார்த்துச் சரின்னு சொன்னாப் போதும்மா" என்று சாயங்காலமே முன்பணம் தரத் தயாராக இருந்தார்கள். கண்ணால் பார்க்காத வீட்டுக்குப் புரோக்கரம்மாவின் வாய்ச்சொல்தான் அஸ்திவாரம். அது ஒருமுறை ஆட்டம் கண்டால் பிறகு அவரை நம்பி யாரும் கதவைத் திறக்கமாட்டார்கள்.

"சார், மெதுவா நடங்க. கோழி பிடிக்கிற மாதிரி ஓடாதீங்க" என்றார் இன்ஜினியர். "சீலிங்கைக் காட்டுங்க. இப்போ உங்க மூக்குதான் தெரியுது."

மகன் போனைத் திருப்பினார். திருப்பிய வேகம் புரோக்கரம்மாவுக்குப் பிடிக்கவில்லை. குளியலறையில் சவரப் பிரஷ் ஒன்று நின்றது. அதில் நுரை இன்னும் காயவில்லை. மகனுக்கோ மார்பு வரை தாடி.

"வீட்ல வேற யாராவது இருக்காங்களா சார்?"

"நான் மட்டும்தான் மேடம். பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

அடுத்த கதவைப் படம் அவசரமாகத் தாண்டியது. "அது சாமான் ரூம் மேடம், தூசி." உள்ளே யாரோ இருமினார்கள். மகன் போனைக் கையால் மூடிக்கொண்டு, "ஒண்ணுமில்லப்பா, ஆபீஸ் போன்" என்றார்.

புரோக்கரம்மா அந்த 'ப்பா'வைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேலைக்காரரை அப்படிக் கூப்பிடலாம். நண்பனைக் கூப்பிடலாம். இன்ஜினியரைத் தானே நாள் முழுக்க "என்னப்பா" என்றுதான் கூப்பிடுகிறார். இதை வைத்து ஒரு மனிதரைப் பொய்யர் என்று சொல்லிவிட முடியுமா?

"அக்கா, லைன்ல இருக்கீங்களா?" என்றார் இன்ஜினியர்.

"இருக்கேன்ப்பா. சார், கூடத்தை டேப் வச்சு அளந்து காட்டுங்க. ஒரு முனையை இன்னொருத்தர் பிடிக்கணும்."

"ஆணியில மாட்டிக்கிறேனே?"

"ஆணி ஒத்துக்க மாட்டோம். ரூல்." அப்படி ஒரு விதியே கிடையாது.

இன்ஜினியருக்குப் புரிந்துவிட்டது. "ஆமா சார். ஒரு கையில போன், ஒரு கையில டேப். மூணாவது கை யாருக்கும் கிடையாதே."

மகன் தயங்கினார். பிறகு உள்ளே போய் மெல்லிய குரலில் ஏதோ சொன்னார். சற்று நேரத்தில் சுவரோரம் ஒரு கை டேப்பின் நுனியை அழுத்திப் பிடித்தது. நரம்பு புடைத்த, நடுங்காத கை.

"ஐயா, வணக்கம். நீங்க யாரு?" என்றார் புரோக்கரம்மா.

"இவனோட அப்பாதாம்மா. தரைக்குக் கல்லு மாத்தப் போறேன்னான். நீங்கதான் கல்லுக் கடையா?"

படம் சட்டென்று மேலே போனது. இப்போது சீலிங் தெளிவாகத் தெரிந்தது.

"மேடம், நான் செத்துட்டார்னு சொல்லலையே" என்றது மகனின் குரல். "இல்லைன்னுதான் சொன்னேன். அன்னைக்கு என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தார். விலை தெரிஞ்சதும் பக்குவமாச் சொல்லலாம்னு..."

"வாங்குறவங்க சாயங்காலம் முன்பணம் தர்றாங்க. எப்போ சொல்றதா இருந்தீங்க? போனை அவர்கிட்ட குடுங்க."

"மேடம்..."

"குடுங்க சார்."

பெரியவர் போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். திரை முழுக்க ஒரு காது. அந்தக் காதிடம்தான் புரோக்கரம்மா பேசினார்.

"ஐயா, நான் கல்லுக் கடை இல்ல. வீட்டு புரோக்கர். இந்த வீட்டை விக்கிறதுக்கு விலை பாத்துட்டு இருக்கோம். உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்கு இப்போதான் தெரியும்."

இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"எவ்வளவு போகும்னு மட்டும் சொல்லிடாதம்மா" என்றார் பெரியவர் கடைசியில். "கேட்டா எனக்கும் ஆசை வந்துடும்."

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

புரோக்கரம்மா வாத்தியார் தம்பதியைக் கூப்பிட்டு அந்த வீடு விற்பனைக்கு இல்லை என்று சொன்னார். அவர்கள் முகம் சுளித்துவிட்டு, சில மாதம் கழித்து அவர் காட்டிய வேறு வீட்டை வாங்கினார்கள். இன்ஜினியர் அறிக்கை எழுதவில்லை. மகன் வேறொரு புரோக்கரைப் பிடித்தார், ஆனால் பெரியவர் கையெழுத்துப் போடவில்லை. அவர் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். மகன் எப்போதாவது வந்து போகிறார். இருவரும் தேவைக்கு மட்டும் பேசிக்கொள்கிறார்கள்.