நாற்பது நாள் பெயர்

ஜோனதன் என்று அடித்து, பிறந்த தேதியும் போட்டு முடித்ததும், இன்னொரு பிள்ளை உண்டா என்று கம்ப்யூட்டர் கேட்டது. நிஷா என்று அடித்தாள் சலோமி. 9-8-1984 என்று தேதியும் அடித்தாள். யோசித்துச் செய்ததில்லை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் டைம் ஆபீஸில் இருபத்திரண்டு வருஷமாக ஆட்களின் வருகையைப் பதிகிறவள் அவள். கேட்டதை விரல் அடித்துவிடும், மனசு பின்னால் வந்து சேரும். அன்றைக்கு அது வந்து சேரவேயில்லை. நோட்டின் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

நோட்டு, அவள் கணவன் ஜெர்சனின் அண்ணன் ஜார்ஜ் எழுதிக் கொடுத்தது. வேலூரில் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்கள் குடும்பத்தில் முதல் ஆள் ஞானஸ்நானம் எடுத்து, அந்த 2004 மே மாதத்தோடு நூறு வருஷம் ஆகிறது. எல்லோரையும் ஒரு ஹாலில் கூட்டி ஸ்தோத்திரக் கூட்டம் வைக்க வேண்டும், சுவரில் குடும்ப மரத்தைப் பெரிய தாளில் மாட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. பெங்களூரில் வேலை செய்யும் மகன் ஜோனதன் அதற்கென்று ஒரு சாஃப்ட்வேர் சிடியை அனுப்பியிருந்தான். அவன் விட்டுப் போன கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தது. டைப் தெரிந்தவள் சலோமிதான் என்பதால் வேலை அவளிடம் வந்தது.

நான்காம் நாள் சாயங்காலம் ஜார்ஜின் குடும்பத்துக்கு வந்தாள். மனைவி பொன்மலர். ஒரே மகள் அக்சா, பிறந்தது 9-8-1984. மொத்தம் நூற்றுப் பதினெட்டுப் பேர். பிழை பார்க்கச் சொல்லிப் பட்டனை அழுத்தியபோது கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் தேடிவிட்டு இரண்டு பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியது. நிஷா, அக்சா. அப்பா வேறு, அம்மா வேறு, தேதி ஒன்று. இவர்கள் இருவரும் ஒரே ஆளா என்று கேட்டது.

இருபது வருஷத்தில் யாரும் அவளிடம் இதைக் கேட்டதில்லை.

ஆமாம் என்று அழுத்தினாள். இரண்டு கட்டங்களும் ஒன்றாயின. அக்சாவின் மேலே இரண்டு கோடுகள் முளைத்தன. ஒன்று ஜார்ஜ், பொன்மலரிடம் போனது. இன்னொன்று ஜெர்சன், சலோமியிடம். ஒவ்வொரு கோட்டுக்கும் உறவு என்ன என்று கேட்டது. அங்கே தத்து, இங்கே பிறப்பு என்று தேர்ந்தெடுத்தாள். நிஷா என்பது 'வேறு பெயர்' என்ற இடத்தில் போய் உட்கார்ந்தது. அழுகை வருமா என்று ஒரு நிமிஷம் காத்திருந்து பார்த்தாள். வரவில்லை. அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்து எழுந்து போனாள்.

பொன்மலருக்கு மூன்று பிள்ளைகள் பிறந்து, மூன்றும் அன்றன்றே போய்விட்டன. நான்காவது வேண்டாம், உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். சலோமிக்கு இரண்டாவதாக நிஷா பிறந்த நாற்பதாம் நாள், அண்ணனும் அண்ணியும் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்கள். ஜெர்சனைப் படிக்க வைத்து ஆளாக்கியவர் ஜார்ஜ். அவர் வாய்விட்டுக் கேட்கக்கூட இல்லை, குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். நமக்கு இன்னொன்று பிறக்கும் என்று ஜெர்சன் சமையலறைக்கு வந்து சொன்னான். பிறக்கவில்லை. சலோமி மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டிக்கொண்டாள். பால் நிற்க ஒன்பது நாள் ஆயிற்று. பத்தாம் நாள் வேலைக்குப் போனாள். வேலூர் சர்ச்சில் ஞானஸ்நானம் கொடுத்தபோது குழந்தைக்கு அக்சா என்று பேர் வைத்தார்கள். அவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பாட்டுப் பாடினாள். அதற்குப் பிறகு எதுவும் அவளை ஜாஸ்தி உறுத்தவில்லை. அக்சா லீவுக்கு வருவாள், சித்தி என்று கூப்பிடுவாள், போவாள்.

சனிக்கிழமை ஜார்ஜ் பஸ் பிடித்து வந்து, பிரிண்ட் எடுத்த தாள்களைத் தரையில் பரப்பிப் பார்த்தார். அந்த இடத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"நீ பொய் ஒண்ணும் போடல, சலோமி" என்றார். "ஆனா மாப்ள வீட்டுக்காரங்களும் வர்றாங்க. நான் அவங்ககிட்ட சொல்லலம்மா."

ஆகஸ்டில் அக்சாவுக்குக் கல்யாணம். ராணிப்பேட்டைப் பையன். ஜெர்சன் வாசலில் நின்று செருப்பின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தான்; நிமிரவில்லை.

"சரிங்க மாமா" என்றாள் சலோமி.

அவர் போன பிறகு தங்களிடம் வந்த கோட்டைத் தேர்ந்தெடுத்து அழித்தாள். நிச்சயமா என்று கேட்டது. நிச்சயம் என்றாள். ஜார்ஜ் பக்கத்துக் கோட்டில் தத்து என்றிருந்ததைப் பிறப்பு என்று மாற்றினாள். நிஷா என்ற வேறு பெயரையும் அழித்தாள். அதற்குக் கம்ப்யூட்டர் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் பெரிய தாளில் அச்சடிப்பதற்காக ஃபைலை வாங்கிப் போக அக்சா வந்தாள். பரீட்சை முடிந்திருந்தது, வெயிலில் முகம் கறுத்திருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மேலேயிருந்து கீழே வரை பார்த்தாள். சலோமி டீ கொண்டுவந்து வைத்தாள்.

"அப்பா வந்து எடுக்கச் சொன்னாராமே" என்றாள் அக்சா, திரையைப் பார்த்தபடியே. "சித்தப்பா போன்ல அம்மாகிட்ட சொன்னாரு."

சலோமி டீயை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"எனக்குத் தெரியும் சித்தி. பிளஸ் டூ முடிச்சப்பவே அம்மா சொல்லிட்டாங்க. எனக்குத் தெரியும்னு அப்பாவுக்குத்தான் தெரியாது." டீயை எடுத்து ஊதினாள். "அவர்கிட்டயும் சொல்லிட்டேன். கட்டிக்கப் போறவருகிட்ட, ராணிப்பேட்டைல. 'அதனால இன்னா'ன்னாரு."

இவ்வளவும் எங்கேயோ நடந்து முடிந்திருக்கிறது. பொன்மலர் எந்த அறையில் வைத்துச் சொன்னாள், இவள் என்ன கேட்டாள், அன்றைக்குச் சாப்பிட்டாளா என்று ஒன்றும் சலோமிக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றவும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னத்தைக் கையால் தொட்டுப் பார்ப்பது மாதிரி இருந்தது. தொடுவது கைக்குத் தெரிந்தது, கன்னத்துக்குத் தெரியவில்லை.

"மறுபடி போடட்டுமா?" என்று கேட்டாள்.

"வேணாம். அப்பா இருக்கிற வரைக்கும் அவரு சொன்ன மாதிரியே இருக்கட்டும்."

சொல்லிவிட்டு அக்சா கர்சரை நகர்த்தி சலோமி என்ற கட்டத்தின் மேல் கொண்டுபோய் நிறுத்தினாள். குடும்பத்துக்குக் கல்யாணமாகி வந்த எல்லாப் பெண்களுக்கும் மேலே அவரவர் அப்பா அம்மா இருந்தார்கள். சலோமிக்கு மட்டும் இல்லை. ஜார்ஜின் நோட்டில் அந்த இடத்தில் கோடு போட்டிருந்தது. ஒடுகத்தூரில் வேர்க்கடலை போட்டுப் பிழைத்த ஒரு குடும்பத்துப் பெண், கல்யாணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் எடுத்து சலோமி ஆனாள். கல்யாணத்துக்கு அவள் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. அப்பா செத்த செய்திகூடப் பதினாறாம் நாள் கழிந்துதான் வந்தது.

"உங்க அப்பா பேரு இன்னா சித்தி?"

"எதுக்கு இப்ப?"

"காலியா இருக்கே."

"கன்னியப்பன்."

அக்சா ஒற்றை விரலால் இங்கிலீஷ் எழுத்துகளைத் தேடித் தேடி அடித்தாள். இன்னொரு 'என்' வேண்டும் என்று சலோமி திருத்தினாள். அம்மா பேர் கேட்டதற்கு அமிர்தவள்ளி என்றாள். அதையும் அடித்தாள்.

"உங்களுக்கு முன்ன வேற பேரு இருந்திச்சு இல்ல?"

"சுந்தரி." அந்தப் பேரைத் தன் வாயால் சொல்லி எவ்வளவு காலம் ஆயிற்று என்று அவளால் கணக்கிட முடியவில்லை.

'வேறு பெயர்' என்ற இடத்தில் அக்சா அதை அடித்தாள். பிறகு ஃபைலை ஃப்ளாப்பியில் ஏற்றிக்கொண்டு, மூணு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.

கூட்டத்தன்று ஹால் சுவரில் பத்தடி நீளத்துக்குத் தாள் ஒட்டியிருந்தது. அவரவர் பேரை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜார்ஜ் பிரசங்கத்துக்கு முன்னால் ஒரு முறை எல்லாவற்றையும் படித்துக்கொண்டு வந்தவர், வலது ஓரத்தில் நின்றுவிட்டார். இந்தக் கன்னியப்பன் யார் என்று கேட்டார். பொன்மலர் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். ராணிப்பேட்டைக்காரர்கள் இரண்டு பேர் பக்கத்தில்தான் நின்றார்கள்.

"தாத்தா" என்றாள் அக்சா. ஒரு மூச்சு விட்டு, "சித்தியோட அப்பா" என்றாள்.

ஜார்ஜ் மகளைப் பார்த்தார். எவ்வளவு புரிந்துகொண்டார் என்று முகத்தில் தெரியவில்லை. தலையை மெல்ல ஆட்டிவிட்டு, மைக் இருந்த பக்கம் நடந்து போனார். ஜெபத்தை ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தண்ணீர் கொடுத்தார்கள்.

பந்தியில் அக்சா வந்து சலோமியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிரியாணி வைத்தார்கள், தயிர்ப் பச்சடி வைத்தார்கள். கத்திரிக்காய் வைக்க வந்தவரிடம் அக்சா வேண்டாம் என்பதற்குள் அவர் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவள் முகத்தைச் சுளித்து, இரண்டு விரலால் அதை எடுத்து, கேட்காமல் கொள்ளாமல் சலோமியின் இலையில் வைத்துவிட்டு, எதிர் வரிசையில் யாருக்கோ பதில் சொல்லத் திரும்பிக்கொண்டாள்.

இந்தப் பெண் கத்திரிக்காய் சாப்பிட மாட்டாள் என்பது சலோமிக்கு இன்றைக்குத்தான் தெரியும். எண்ணெய் பிரிந்து, இலையின் நரம்பு வழியே மெதுவாகச் சோற்றை நோக்கி ஓடியது. அவள் ஒரு வாய்ச் சோறு எடுத்து அதன் வழியில் வைத்துத் தோய்த்துக்கொண்டாள்.