கீரை முளைத்த பத்திரிகை

அச்சகக்காரரின் மாதப் பத்திரிகையில் முதல் இதழிலிருந்தே கீரை முளைத்தது. படித்து முடித்து ஈரத்தரையில் வைத்தால், மறுநாள் நடுப்பக்கத் தையலிலிருந்து தளிர் எட்டிப்பார்க்கும். சந்தாதாரர்கள் முதலில் தாளைக் குறை சொன்னார்கள். பிறகு கிள்ளிச் சமைத்தார்கள்.

அதற்கு முன் அவர் உர மூட்டைகளுக்கு லேபிள் அடித்துக்கொண்டிருந்தவர். தீராத தலைவலிக்காரர். அவர் மனைவி அச்சகத்தின் பின்கட்டில் காய்கறித் தோலையும் சாணத்தையும் காகித வெட்டுகளையும் மக்கவைத்து, அதில் விளைந்ததைச் சமைத்துப் போட்டுப் போட்டே அவரை நிமிர்த்தினாள். தலைவலி விட்ட உற்சாகத்தில் லேபிள் வேலையை உதறிவிட்டு, மண்ணையும் உடம்பையும் பற்றி எழுத ஆரம்பித்தார். ரசாயன உரமில்லாமல் தோட்டம் போடலாம் என்று அந்த ஊரில் அச்சில் சொன்ன முதல் ஆள் அவர்தான். சிரித்தவர்களே பிறகு சந்தா கட்டினார்கள். புகழ் ஏற ஏற எழுத்தில் துணிச்சலும் ஏறியது. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் ஊசியே வேண்டாம், கீரை போதும் என்று ஓர் இதழில் எழுதிவிட்டார்.

அந்த மாதமே, சந்தா கட்டியிருந்த ஒரு தையல்காரியின் கணவன் அச்சகத்துக்குள் வந்து, கீரை செழித்த இதழை மேசைமேல் வைத்தான்.

“இதைத்தான் சாப்பிட்டா. ஊசியை நிறுத்திட்டா. இப்ப ஆஸ்பத்திரியில கண்ணே திறக்கல.”

சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கே திரும்பி ஓடினான். அடுத்த இதழ் ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை மனைவி நிறுத்தினாள்.

“அட்டையிலயே போடுங்க. நான் எழுதினது தப்பு, யாரும் ஊசியை நிறுத்தாதீங்கன்னு.”

“போட்டா பத்திரிகையே போயிடும்டி.”

“போகட்டும். இன்னும் எத்தனை பேர் நிறுத்தியிருக்காங்களோ!”

அவர் ஈய அச்செழுத்துகளைக் கோத்தார். அவசரத்தில் எழுத்துகள் தரையில் சிதற, அவள் பொறுக்கிப் பொறுக்கிக் கொடுத்தாள். மை காயாத தாள்களோடு இருவரும் ஆளுக்கொரு தெருவாகக் கதவு தட்டினார்கள். “நீங்கதானே வேண்டாம்னீங்க?” என்று ஒவ்வொரு வாசலிலும் வீட்டுக்காரர்கள் கேட்டார்கள். ஒரு வீட்டில் உதடு வெடித்துப் படுத்திருந்த பெரியவர், ஊசி எங்கே வைத்தோம் என்றே தெரியாமல் விழித்தார். அச்சகக்காரர் அலமாரியைக் கலைத்துத் தேடியும் கிடைக்கவில்லை. பெரியவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பெரியவர் பிழைத்தார். தையல்காரி கண் திறக்க மேலும் சில நாட்கள் ஆயின. அதுவரை அச்சகக்காரர் வார்டு வாசலை விட்டு நகரவில்லை. அவள் கணவன் அவரோடு பேசவும் இல்லை.

பாதிச் சந்தாக்கள் போயின. தப்பை ஒப்புக்கொண்ட இதழில் எதுவும் முளைக்காது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ‘தப்பு’ என்ற சொல்லைத் துளைத்துக்கொண்டு அதிலும் முளைத்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் அதை வாங்கிக் காத்திருப்போர் அறையில் போட்டார்கள். நர்சுகள் காலையில் தண்ணீர் தெளிப்பார்கள். ஊசி போட வந்தவர்கள் போட்டுக்கொண்டு, போகும்போது ஒரு பிடி கிள்ளிக்கொண்டு போவார்கள்.