முட்டுவதற்காக நிறுத்திய கார்

புவெனஸ் ஐரிஸில் முன்னும் பின்னும் இருக்கும் வண்டிகளை முட்டித் தள்ளித்தான் காரை நிறுத்துவோம். அடுத்தவர் தள்ள வசதியாகக் கைப்பிரேக் போடாமல் விடுவது மரியாதை. நெலிதா அன்று தன் காரில் வேண்டுமென்றே அதைப் போட்டுவிட்டு வந்தாள். அவள் வடிவமைத்த பம்பர் அந்தக் காரில் இருந்தது. விரிசல் விட்டால் அவள் வேலை பார்க்கும் கார் தொழிற்சாலை பழைய பம்பருக்கே திரும்பிவிடும்.

“ஊரே திட்டப்போகுது, ஒல்லிக்குச்சி,” என்றான் கணவன் காஸ்தோன் செல்லமாக. இருவரும் எதிர்க் காபிக்கடையில் காத்திருந்தார்கள்.

“கார் நகர்ந்துட்டா எப்படி, குண்டா? அடி முழுசா பம்பருக்கு விழணும்.”

ஒரு டாக்சி பின்னால் வந்து முட்டியது. கார் அசையவில்லை. டாக்சிக்காரர் கோபத்தில் இன்னும் பலமாக முட்டினார். பம்பர் உள்ளே அமுங்கியது.

“எந்தக் கழுதை பிரேக் போட்டது?”

“நான்தாங்க!” நெலிதா ஓடிப்போய் மண்டியிட்டாள். உள்ளிருந்த நுரைத்திண்டு மெல்ல உப்பி, பம்பர் பழைய வடிவத்துக்கு வந்தது. தூசியில் ஒரு கோடு மட்டும் இருந்தது. விரலால் துடைத்தாள். அதுவும் போய்விட்டது.

“ஐயா, இன்னொரு தடவை முட்டுறீங்களா?”

டாக்சிக்காரர், அவள் பின்னாலேயே வந்து நின்ற காஸ்தோனைப் பார்த்தார். “வீட்டம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?”

“இல்லீங்க. இன்னைக்குத்தான் ரொம்ப நல்லா இருக்கா.”