நிறுத்தி வைத்த இடம்

வரதராசா மாமா வாசலில் சப்பாத்தைக் கழற்றுவதற்குள், பிரபாலினி ரிவி ரிமோட்டை அரிசி வாளிக்குள் புதைத்துவிட்டாள். செத்தவீட்டில் உலை வைப்பதில்லை. அரிசியை யார் தொடப்போகிறார்கள்?

அப்பா இராஜசிங்கம் முந்தைய நாள் காலை இந்த ஆராவ் நகர வீட்டில்தான் கண்ணை மூடினார். நாளைக்குத் தகனம். துக்கம் கேட்க வந்தவர்களோ செத்தவரை விட்டுவிட்டு, தங்கை லக்சாயினி எடுத்த ஆவணப்படத்தைத்தான் கதைத்தார்கள். நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த மதிலுக்குள்ளிருந்து தப்பி, உருளைக்கிழங்கு மூட்டையில் துப்பாக்கி கடத்திய எஸ்தர் என்ற பத்தொன்பது வயதுப் பெண்ணின் கதை.

அந்த எஸ்தரைப் பிரபாலினிக்குக் கண்ணில் காட்டக்கூடாது. பாவம், சுடுபட்டுச் செத்த பிள்ளை. ஆனால் அப்பாவுக்கு முதுகு துடைத்து, சலம் மலம் எடுத்து, கஞ்சி பருக்கியது யார்? சூரிச்சிலிருந்து ஞாயிறு தோறும் போனில் மட்டும் வருகிறவளின் படத்தைத்தான் மனிசன் கடைசிவரை போட்டுப் போட்டுப் பார்த்தார். ஓரிடத்தில் நிறுத்துவார், பின்னால் ஓட்டுவார், மறுபடி நிறுத்துவார். முடிவில் வரும் தங்கையின் பெயரைத்தான் பார்க்கிறார் என்று பிரபாலினி அடுப்படியிலேயே நின்று வயிறெரிந்தாள். ஒருநாளும் கூட இருந்து பார்க்கவில்லை.

"பிள்ளை, அத்தான் பாத்த படத்தை ஒருக்காப் போடு. எல்லாரும் பாப்பம்," என்றார் மாமா.

"செத்தவீட்டில ரிவி போடக்கூடாது மாமா. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியட்டும்."

"இதென்ன நாடகமே? சரித்திரமெல்லோ! தங்கச்சிக்குப் பெருமைதானே."

"ரிமோட்டைக் காணேல்லை."

வாய்க்கரிசியை அவள் மறந்துபோயிருந்தாள். நாளைக்கென்று அரிசி அள்ளப் போன லக்சாயினி, ஒரு கையில் கிண்ணமும் மறுகையில் ரிமோட்டுமாகத் திரும்பி வந்தாள். இரண்டையும் அக்காவிடம் நீட்டினாள்.

"நீயே போடு."

அப்பா நிறுத்திய இடத்திலேயே படம் வந்து நின்றது. யாருடைய பெயரும் இல்லை, மங்கிய போட்டோ ஒன்றுதான். ஓரத்தில் எஸ்தர் சிரித்துக்கொண்டு நின்றாள். நடுவில் கதிரையில் நோயாளித் தாய். தாயின் தோளைப் பிடித்தபடி இன்னொருத்தி.

"ஆர் பிள்ளை அது?" என்றார் மாமா.

"எஸ்தரின்ர அக்கா. தாயை விட்டிட்டு வரமாட்டன் எண்டு மதிலுக்குள்ளயே நிண்டவ." லக்சாயினி அக்காவைப் பார்க்காமல் சொன்னாள். "படத்தில அவவுக்கு ஒரு வசனம்தான். ஞாயிறு போன் எடுத்தால் அப்பா அவவைப் பற்றித்தான் கேப்பார். அவ சாப்பிட்டவவோ, நித்திரை கொண்டவவோ, அவவை ஆர் பாத்தது எண்டு. என்ர படம் எப்பிடி எண்டு கேட்டன். 'அக்காவை ஏன் எடுக்கேல்லை' எண்டார். வேற ஒண்டும் சொல்லேல்லை. எனக்குச் சரியான எரிச்சல்."



"சரி, பாத்தாச்சு. நிப்பாட்டு பிள்ளை," என்றார் மாமா.

பிரபாலினி நிப்பாட்டவில்லை. ரிமோட்டின் பொத்தான்களுக்கு இடையில் சிக்கியிருந்த அரிசியை நகத்தால் கிளறி, ஒவ்வொன்றாக வாய்க்கரிசிக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.